சிவப்புக் கயிறும் காற்றுத் திருகும்

என் தாத்தா கடலிலிருந்து வந்ததும் செய்கிற முதல் வேலை, மரத்தை அவிழ்ப்பது. கட்டுமரம் என்ற பேரிலேயே விஷயம் இருக்கிறது. கட்டினால்தான் அது மரம், கட்டவில்லை என்றால் மணலில் கிடக்கும் நாலு ஈரத்துண்டு. கயிற்றை உருவிச் சுருட்டித் தோளில் போட்டுக்கொள்வார். துடுப்பு கையில். மரங்கள் வெயிலில் காயும், அவர் வீட்டுக்கு நடப்பார். திருட வருகிறவன் அந்த நாலு துண்டையும் வரிசை தெரிந்து அடுக்கி, கயிறு கொண்டுவந்து, அலையில் பிரியாத முடிச்சுப் போட்டு, அதன் பிறகுதான் தண்ணீரில் தள்ள முடியும். அவ்வளவும் தெரிந்தவனிடம் சொந்தமாகவே ஒரு மரம் இருக்கும். எங்கள் ஊரில் கட்டுமரம் களவு போனதாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

2004 டிசம்பர் 26-க்குப் பிறகு அந்த மரங்கள் போயின. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன அலை, கரையில் கிடந்ததையும் விட்டு வைக்கவில்லை. நிவாரணமாக வந்தவை பெரும்பாலும் பைபர் படகுகள். அவற்றை நான் குறை சொல்ல மாட்டேன். அவைதான் எங்கள் வீட்டில் மறுபடி உலை வைத்தன. ஆனால் பைபரோடு எஞ்சின் வந்தது, எஞ்சினோடு ராத்திரிக் கவலையும் வந்தது. படகுக்கு வெளியே தொங்குகிற சின்ன அவுட்போர்டு எஞ்சின் அமரத்துப் பலகையில், அதாவது படகின் பின்பக்கப் பலகையில், எப்படி நிற்கிறது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். இரண்டு கிளாம்பு. ஒவ்வொன்றிலும் கையால் முறுக்குகிற ஒரு திருகு. பழகின கை ஒரு நிமிஷத்தில் அவிழ்த்துவிடும். எடை நாற்பது கிலோவுக்குள். லட்சத்துக்கும் மேலே விலை போகிற ஒரு பொருளை இரண்டு திருகின் தயவில் ஆற்றங்கரையில் விட்டுவிட்டு நாங்கள் தூங்கினோம்.

2019 ஜனவரியில் அது போனது. கஜா புயல் அடித்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. 2018 நவம்பர் 16 அதிகாலை நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறிய அந்தக் காற்று மாமாவின் பழைய எஞ்சினைக் கவிழ்த்து உப்புத் தண்ணீரில் முக்கிவிட்டது. வியாபாரியிடம் முன்பணம் வாங்கி, செகண்ட் ஹேண்டில் 9.9 குதிரைசக்தி எஞ்சின் ஒன்று வாங்கினார். இருபத்துமூன்று நாள் ஓடியது. இருபத்துநாலாம் நாள் விடியற்காலை டார்ச்சோடு போனவர், அமரத்துப் பலகையில் கிளாம்பு பதிந்த இரண்டு வட்டத் தழும்பை மட்டும் பார்த்துவிட்டு வந்தார். வீட்டுக்கு வந்து யாரையும் திட்டவில்லை. அத்தை காப்பி கொடுத்தார், வாங்கிக் குடித்தார். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

காவல் நிலையத்துக்கு நானும் போனேன். மூன்று கேள்வி கேட்டார்கள். பில் இருக்கா? எஞ்சின் நம்பர் என்ன? போட்டோ இருக்கா? மூன்றுக்கும் இல்லை. எங்களிடம் இருந்த அடையாளமெல்லாம், மூடியின் இடது பக்கம் ஒரு கீறல் உண்டு என்பது. கடற்கரையில் கீறல் இல்லாத எஞ்சின் எது? எழுதிக்கொண்டார்கள், புகார் வாங்கியதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார்கள், எஞ்சின் வரவில்லை. அந்தக் குறையை நான் காவல்துறை மேல் போட மாட்டேன். பேர் இல்லாத பொருளை யார் தேடிக் கொடுப்பார்கள்?

எஞ்சின் நம்பர் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று பிறகு படித்தபோதுதான் உறைத்தது. 2008 நவம்பரில் மும்பைக்குள் புகுந்து தாக்குதல் நடத்தியவர்கள் போர்பந்தர் மீனவர்களின் ‘குபேர்’ படகைக் கடலில் பறித்து, அதன் தண்டேலை, அதாவது படகுத் தலைவரை, கொன்று, கடைசித் தூரத்தை ஒரு ரப்பர் படகில் கடந்து வந்தார்கள். அந்த ரப்பர் படகில் இருந்தது ஒரு யமஹா அவுட்போர்டு. அடையாள எண்களை அழிக்கப் பார்த்திருந்தார்கள். இருந்தும் விசாரித்தவர்கள் எண்ணைப் படித்துவிட்டார்கள். அந்த எஞ்சின் கராச்சியில் வாங்கியது என்று 2009 பிப்ரவரியில் பாகிஸ்தான் அரசே சொல்ல வேண்டி வந்தது. அதற்குப் பிறகுதான் நம் கரையில் படகுப் பதிவும், மாநிலத்துக்கு ஒரு வண்ணமும், மீனவர் அடையாள அட்டையும் கெடுபிடியாயின. களவு போன மீன்பிடிப் படகு என்பது அந்தக் குடும்பத்தின் நஷ்டத்தோடு நிற்கிற விஷயம் இல்லை என்பதை அந்த மூன்று நாட்கள் காட்டின. அணியத்தில், அதாவது படகின் முன்பக்கத்தில், பெயிண்டில் எழுதும் பதிவு எண்ணை நாங்கள் அதுவரை அதிகாரிகளுக்காக எழுதினோம். அது நமக்காகத்தான்.

அடுத்த எஞ்சின் புதிதாகவே வாங்கினோம். என் சம்பளத்தில் பாதியும் அத்தையின் சங்கிலியும் அதில் இருக்கின்றன. வாங்கின அன்றே பில்லையும், பிராக்கெட்டில் அடித்திருக்கும் எண்ணையும், படகின் நாலு பக்கத்தையும் போட்டோ எடுத்தேன். மாமாவின் போன், என் போன், என் மின்னஞ்சல் என்று மூன்று இடத்தில் கிடக்கிறது. பூட்டு விஷயத்தில் நிறையத் தப்புச் செய்துதான் கற்றோம். இரும்புப் பூட்டு கடற்கரையில் ஒரு மழைக்காலம் தாங்காது. துருப்பிடித்து, சாவி போட்டால் திறக்காது. கடலுக்குப் போகிற அவசரத்தில் அதைச் சுத்தியால் உடைக்கிறவர் மாமாவாகத்தான் இருப்பார். பித்தளைப் பூட்டு வாங்கி, துவாரத்தில் எண்ணெய் விட்டு, பழைய சைக்கிள் டியூபை வெட்டி மேலே உறையாக மாட்டினோம். இரண்டு கிளாம்புத் திருகின் கைப்பிடியையும் சேர்த்து மூடும்படி, ஒரு பக்கம் வாய் பிளந்த துருப்பிடிக்காத எஃகுக் குழாய் ஒன்றை நாகப்பட்டினம் லேத்தில் செய்து வாங்கினோம். அதை மாட்டிப் பூட்டினால் திருகைச் சுற்ற முடியாது. அதோடு பலகையை ஊடுருவி ஒரு போல்ட், நட்டு உள்பக்கம். பூட்டு மட்டும் நல்லதாக இருந்து போதாது, அது எதைப் பிடித்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். பக்கத்து ஊரில் ஒருவர் தடித்த சங்கிலியைப் போட்டு, அதை மெல்லிய நைலான் கயிற்றால் கட்டியிருந்த மரமுளையில் மாட்டியிருந்தார். கயிற்றை அறுத்து, சங்கிலியோடு கொண்டுபோனார்கள்.

இதெல்லாம் திருடனுக்காக. திருடனை எனக்குப் புரிகிறது. அவனுக்கு எஞ்சின் வேண்டும், படகு வேண்டாம். கரையிலேயே வேலையை முடித்துக்கொண்டு போய்விடுவான். நாங்கள் யோசிக்காமல் விட்டது, எஞ்சினும் வேண்டாம், படகும் வேண்டாம், ஒரு சுற்றுப் போய்வந்தால் போதும் என்று வருகிறவனை.

வேளாங்கண்ணியை ஒட்டி வெள்ளையாறு கடலில் சேர்கிறது. அந்த முகத்துவாரத்தின் உள்ளேதான் சின்னப் படகுகள் நிற்கும். ஆகஸ்ட் 29 கொடியேறி செப்டம்பர் 8 வரை மாதா கோயில் திருவிழா. 2020, 2021 இரண்டு வருஷமும் கொரோனாவால் கூட்டம் இல்லாமலே நடந்தது. 2022-ல் அடைத்து வைத்ததெல்லாம் உடைந்த மாதிரி ஜனம். செப்டம்பர் 7 ராத்திரி பெரிய தேர். ஊரே தேருக்குப் போயிருந்தது, மாமாவும்தான். ஆற்றோரம் ஒரு ஆள் இல்லை. பௌர்ணமிக்கு மூன்று நாள் முந்தைய நிலா, தண்ணீர் பால் மாதிரி கிடந்தது.

என் சின்னம்மா மகனுக்கு அப்போது பதினாறு. பள்ளிக்கூட சிநேகிதர்கள் மூன்று பேரைத் திருவிழாவுக்கு அழைத்து வந்திருந்தான். ஒருவன் கீழ்வேளூர்ப் பக்கம், கடலை அன்றைக்குத்தான் சரியாகப் பார்த்திருக்கிறான். அவர்களுக்குத் தன் கடலைக் காட்ட வேண்டும் என்று இவனுக்கு ஆசை. அதில் கெட்ட எண்ணம் ஒரு துளியும் இல்லை என்று இன்றைக்கும் நம்புகிறேன். மறுநாள் விடிகாலை போவதற்காக மாமா அன்று எஞ்சினைக் கழற்றாமல் பூட்டி மட்டும் வைத்திருந்தார். பூட்டு எஞ்சினைப் படகோடு பிடித்திருந்தது. எஞ்சினை ஓட்டுவதை அது தடுக்காது. டாங்கில் பெட்ரோல் இருந்தது. எஞ்சினை அணைக்கிற சுவிட்சில் அந்தச் சிவப்புச் சுருள் கயிறு தொங்கிக்கொண்டிருந்தது.

கயிற்றைப் பற்றித் தெரியாதவர்களுக்கு: ஓட்டுகிறவர் ஒரு முனையைக் கையிலோ இடுப்பிலோ மாட்டிக்கொள்ள வேண்டும். அவர் தண்ணீரில் விழுந்தால் மறுமுனையில் உள்ள கிளிப் சுவிட்சிலிருந்து பிடுங்கிக்கொண்டு எஞ்சின் நின்றுவிடும். கிளிப் இல்லாவிட்டால் பல எஞ்சின்கள் கிளம்பவே கிளம்பாது. உயிர் காக்க வைத்த பொருள் அது. எங்கள் கரையில் அதை இடுப்பில் மாட்டிக்கொள்கிறவர் குறைவு. சுவிட்சிலேயே வருஷக்கணக்காகத் தொங்கும், வண்டியிலேயே சாவியை விட்டுவிட்டுப் போவது போல.

தம்பிக்கு இழுத்து ஸ்டார்ட் பண்ணத் தெரியும், பார்த்திருக்கிறான். முகத்துவாரத்து மணல் திட்டை ஒட்டி எப்படித் தாண்டுவது என்றும் தெரியும். கடலுக்குள் போய்ப் பதினைந்து நிமிஷம் ஓடியதும் எஞ்சின் இரண்டு முறை இருமி நின்றுவிட்டது. மாற்றி மாற்றி இழுத்தார்கள். கயிறு இழுத்து இழுத்து கீழ்வேளூர்ப் பையனின் உள்ளங்கைத் தோல் உரிந்துவிட்டது. செப்டம்பர் ராத்திரியில் எங்கள் பக்கம் மேலக்காற்று கரையிலிருந்து கடலுக்கு வீசும். கோயில் விளக்குகள் சின்னதாகிக்கொண்டே போனதை அவன் பிறகு சொன்னான். “பயம் வரலண்ணே மொதல்ல. விளக்கெல்லாம் ஒண்ணாச் சேந்து ஒரே விளக்கா ஆனப்பதான் அழுவ வந்துச்சு.”

பன்னிரண்டு மணி வாக்கில் ஒரு போனில் சிக்னல் கிடைத்திருக்கிறது. சின்னம்மாவுக்கு அழைத்து, “அம்மா, மாமாட்ட சொல்லும்மா” என்று மட்டும் சொன்னானாம். மாமா தேர்க் கூட்டத்திலிருந்து ஓடி வந்தார். 1093-க்கு நான்தான் அழைத்தேன். கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் எண் அது. கடலோரக் காவல் படைக்கு 1554. எந்தத் திசை, எத்தனை மணிக்குக் கிளம்பினார்கள், படகின் நிறம் என்ன, எத்தனை பேர் என்று கேட்டார்கள். இந்த முறை போனில் படகின் போட்டோ இருந்தது. ஊரிலிருந்து ஒன்பது படகு இறங்கியது. மூன்று மணிக்கு மேல் நிலா விழுந்துவிட்டது. விளக்கில்லாத படகை இருட்டுக் கடலில் தேடுவது எப்படி என்று என்னால் எழுத முடியாது. சின்னம்மா ஆற்றங்கரையில் உட்கார்ந்து மணலைக் கையால் அள்ளி அள்ளி விட்டுக்கொண்டே இருந்தார்.

விடிந்த பிறகு கண்டுபிடித்தார்கள், ஏழெட்டுக் கடல் மைல் வெளியே. நாலு பேரும் படகுக்குள் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு படுத்திருந்தார்கள். லைஃப் ஜாக்கெட் ஒன்றுகூட இல்லை. மாமா அந்தப் படகில் ஏறி யாரையும் அடிக்கவில்லை. எஞ்சினைப் பார்த்தார், டாங்கைப் பார்த்தார். டாங்க் உள்வாங்கி ஒடுங்கிப் போயிருந்தது. மூடியின் மேல் ஒரு சின்னத் திருகு உண்டு, காற்று போகிற வழி. கரையில் நிற்கும்போது பெட்ரோல் ஆவியாகாமல் இருக்க அதை மூடி வைப்பார்கள், கிளம்பும்போது திறப்பார்கள். பையன்கள் திறக்கவில்லை. எஞ்சின் பெட்ரோலை இழுக்க இழுக்க உள்ளே வெற்றிடமாகி, ஒரு கட்டத்தில் சொட்டுக்கூட வரவில்லை. மாமா அதைச் சுற்றினார். புஸ்ஸென்று காற்றை இழுத்து டாங்க் நிமிர்ந்தது. நாலாவது இழுப்பில் எஞ்சின் கிளம்பிவிட்டது. அவர்கள் ராத்திரி முழுக்க ஒரு நல்ல எஞ்சினோடு மிதந்திருக்கிறார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. வலைக்குக் கீழே நங்கூரம் கிடந்தது, கயிற்றோடு. எஞ்சின் நின்ற இடத்தில் ஆழம் ஐந்தாறு பாகம்தான் இருந்திருக்கும், ஒரு பாகம் என்பது ஏறக்குறைய ஆறடி. அதைத் தூக்கிப் போட்டிருந்தால் நின்ற இடத்திலேயே நின்றிருப்பார்கள், ஒரு மணிக்கெல்லாம் கண்டுபிடித்திருப்போம். அந்த நினைப்பு யாருக்கும் வரவில்லை.

ஊர்ப் பஞ்சாயத்தில் கூட்டம் போட்டார்கள். கோபம் நியாயமானது. ஒன்பது படகுக்கு ஒரு நாள் மீன்பாடு போயிற்று, டீசல் போயிற்று. பையன்களின் பெற்றோர்களையும் வரவழைத்தார்கள். “சும்மா எடுத்துட்டுப் போனானுங்க, திருடலையே” என்று ஒருவர் சொன்னார். அங்கே நான் ஒரு வழக்கைச் சொன்னேன். 1952-ல் ஜோத்பூர் விமானப் படைப் பயிற்சிக் கழகத்தில் இரண்டு பேர் அனுமதி இல்லாமல் ஒரு ஹார்வர்டு விமானத்தை எடுத்துக்கொண்டு கிளம்பி, பாகிஸ்தானில் போய் இறங்கினார்கள். அதில் கே.என். மேஹ்ரா என்பவரின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. திருட்டு என்று ஆக நிரந்தரமாகப் பறிக்கும் எண்ணம் தேவையில்லை, உடையவரின் சம்மதமில்லாமல் நேர்மையற்ற எண்ணத்தோடு கொஞ்ச நேரம் எடுத்தாலும் போதும் என்று 1957-ல் தீர்ப்பாயிற்று. இன்றைக்கு அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-ம் பிரிவில் வரும், அன்றைக்கு இந்திய தண்டனைச் சட்டம். பையன்களைச் சிறைக்கு அனுப்ப நான் இதைச் சொல்லவில்லை. யாரும் புகாரும் கொடுக்கவில்லை. ‘சும்மா’ என்ற சொல்லுக்குச் சட்டத்தில் அவ்வளவு இடமில்லை என்று அவர்கள் காதில் விழட்டும் என்றுதான் சொன்னேன்.

கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது ஒருவர் மாமாவுக்கு யோசனை சொன்னார். “அடி ஓட்டை மூடியக் கழட்டி வீட்டுக்குக் கொண்டாந்துருப்பா. கரையில ஏத்தி வச்சிருக்குற நாள்ல எவன் தள்ளிக்கிட்டுப் போனாலும் தண்ணி ஏறும், திரும்பிருவான்.” படகுக்காரர்கள் பல ஊர்களில் செய்கிற தந்திரம்தான். எனக்குப் பகீரென்றது. பகலில் தெரிந்தவன் ஏறினால் காலில் ஈரம் பட்டதும் திரும்புவான். இருட்டில், குஷியில், அலையைத் தாண்டும் வரை உள்ளே சேர்கிற தண்ணீரை எந்தப் பையன் பார்க்கப் போகிறான்? நான் சொல்ல ஆரம்பிப்பதற்குள் மாமாவே சொல்லிவிட்டார். “அப்புடிலாம் வேணாண்ணே. படகு கெளம்பாம இருக்கணும். கெளம்புன படகு முழுவக் கூடாது.”

அதற்கப்புறம் எங்கள் வீட்டில் எல்லாம் அந்த ஒரு வார்த்தையை வைத்துத்தான் நடக்கிறது. சிவப்புக் கயிறு வீட்டு வாசல் ஆணிக்கு வந்துவிட்டது. விஷயம் தெரிந்தவன் ஒரு துணிக்கயிற்றைச் சுற்றிக்கூட அந்த சுவிட்சை ஏமாற்றிவிடுவான் என்று எனக்குத் தெரியும். பையன்களை அது நிறுத்தும், எனக்கு அதுதான் வேண்டும். டாங்கும் பெட்ரோல் குழாயும் சாயங்காலமே வீட்டுக்கு வரும். புயல் சின்னம் என்றால், நாலு நாள் கடலுக்குப் போகவில்லை என்றால், திருவிழா என்றால் எஞ்சினே வீட்டுக்கு வரும், மூங்கிலில் கட்டி இரண்டு பேர் தோளில். நங்கூரம் மட்டும் எங்கும் போகாது. அது அணியத்திலேயே கயிற்றோடு மேலே கிடக்கும். யாராவது திருடிக்கொண்டு போகட்டும், இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். இரண்டு லைஃப் ஜாக்கெட்டும் படகிலேயே இருக்கின்றன, பூட்டாமல். அதைக் கேலி செய்தவர்கள் உண்டு.

பைக்குக்குப் போடுகிற சிம் கார்டு டிராக்கர் ஒன்றையும் வாங்கி, தண்ணீர் புகாத டப்பாவில் வைத்துப் பார்த்தேன். ஆற்றுக்குள் நன்றாக வேலை செய்கிறது, டவர் எட்டாத இடத்தில் ஊமை. ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளுக்குச் செயற்கைக்கோள் வழியாகப் படகு இருக்கும் இடத்தைச் சொல்லும் டிரான்ஸ்பாண்டர் கருவியை இலவசமாகக் கொடுக்கும் திட்டத்தை 2024 ஆகஸ்டில் மத்திய அரசு தொடங்கியது. அது எல்லாச் சின்னப் படகுக்கும் வந்து சேர வேண்டும் என்று மனதாரக் கேட்கிறேன். பெரிய விசைப்படகுக்கு அதை ஓட்டிச் செல்லும் ஸ்ராங்கு இருக்கிறார், வயர்லெஸ் இருக்கிறது. தொலைந்து போவதும் களவு போவதும் அதிகம் எங்களைப் போன்ற இருபதடிப் படகுகள்தான்.

திருவிழாவின் பெரிய தேர் அன்று இப்போது ஊரில் ஆறு பேர் முறை வைத்து ஆற்றங்கரையில் உட்கார்கிறார்கள். பஞ்சாயத்துப் போட்ட ஏற்பாடு. போன வருஷம் நானும் ஒரு முறை உட்கார்ந்தேன். தம்பி வந்து துணைக்கு இருந்தான். அவன் இப்போது ஐ.டி.ஐ. முடித்துவிட்டு, விடுமுறையில் மாமாவோடு கடலுக்குப் போகிறான். இழுப்புக் கயிற்றைத் தொடும் முன்னால் டாங்க் மூடியைத் தொட்டுப் பார்க்கிறான், ஒவ்வொரு முறையும்.

அன்றைக்குப் படகை இழுத்து வந்ததில் அணியத்து வளையம் பைபரோடு பிய்ந்து வந்துவிட்டது. அதைச் சரி செய்ய நாலு பையன்களும் இரண்டு ஞாயிறு வந்து வேலை செய்தார்கள், கீழ்வேளூர்ப் பையன் கையில் கட்டோடு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ரெசின் கலந்து, கண்ணாடி நார்ப் பாய் வெட்டி ஒட்டினார்கள். கடைசி அடுக்குக்கு முன்னால் நான் ஒரு தாளைக் கொடுத்து, படகின் பதிவு எண், எஞ்சின் எண், மாமாவின் பேர், போன் நம்பர் எல்லாம் எழுதச் சொன்னேன். பென்சிலால் எழுத வேண்டும், பேனா மை ரெசினில் பரவிவிடும். தம்பிதான் எழுதினான். அதைப் பதித்து, மேலே இன்னொரு அடுக்குப் போட்டு, பெயிண்ட் அடித்துவிட்டோம். வெளியிலிருந்து எதுவும் தெரியாது. எங்கே இருக்கிறது என்று எங்கள் ஆறு பேருக்குத்தான் தெரியும்.